முதுகில்லாத வாள்

சேசு மரி சூசை

சக்காய் கப்பல் பட்டறை,
ஒசாகா பக்கம், ஜப்பான்.
19-1-1975

அன்புள்ள ரோச் அண்ணனுக்கு, தம்பி வளன் எழுதுவது.

இது மூன்றாவது கடுதாசி. முதல் ரெண்டும் வந்து சேர்ந்ததா, சேர்ந்தும் அடுப்புக்குப் போயிற்றா, தெரியவில்லை. கேட்கவும் எனக்கு வாயில்லை. மைனியும் பிள்ளைகளும் சுகம் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

எங்கள் கப்பலின் புரொப்பல்லர் தண்டில் விரிசல். கரையேற்றிப் போட்டு ஏழு வாரம் ஆகிறது. முதலாளிகளுக்குள் வழக்கு. எப்போது தண்ணீரில் இறக்குவார்கள் என்று கேப்டனுக்கே தெரியாது. பாதிப் பேரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நான் இஞ்சின் அறைக்குக் காவல். ஓடாத இஞ்சினுக்கு என்ன காவலோ. குளிர் எலும்புக்குள் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

பட்டறையில் ஹிரானோ என்று ஒரு கடைசல்காரர் பழக்கம். எனக்கும் அவருக்கும் அரைகுறை இங்கிலீஷ்தான். போன ஞாயிறு என்னை ஒசாகா மியூசியத்துக்குக் கூட்டிப் போனார். ஒரு அறை முழுக்க வாள்கள். வாசலோடு நின்றுவிட்டேன், கால் உள்ளே போகவில்லை. "உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார். எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு வாள் இருந்தது, நான் உடைத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தைச் சொல்லவில்லை.

அண்ணே, நம்ம கோயில் சந்தியாகப்பர் சுரூபத்தின் கையில் இப்போது என்ன இருக்கிறது? குதிரை மேல் வெறுங்கையோடா உட்கார்ந்திருக்கிறார்? சம்மதம் என்று ஒரு வரி எழுதினால் இங்கிருந்து ஒரு வாள் வாங்கி வருவேன். உலகத்திலேயே இவர்கள் செய்கிற வாள்தான் ஒசத்தி என்கிறார்கள். ஜூலைத் திருவிழாவுக்கு முன் கொண்டுவந்து கோயிலில் வைத்துவிட்டு, யார் கண்ணிலும் படாமல் திரும்பிவிடுகிறேன்.

தம்பி,
வளன்

*

சந்தியாகபுரம்,
தூத்துக்குடி வழி.
16-2-1975

தம்பி வளனுக்கு, ரோச் எழுதுறது.

கடுதாசி மூணும் வந்துது. அடுப்புக்குப் போகலை. உன் மைனி பிளாரன்ஸ் அலமாரியில வச்சிருக்கா. முதல் ரெண்டுக்கும் பதில் எழுதணும்னு தோணலை, எழுதலை. இது இடது கையால எழுதுறது, கோணலாத்தான் இருக்கும். வலது கையில பெருவிரல் தவிர மத்த நாலும் மடங்காது. பத்து வருஷமா அப்படித்தான். இதை நீ ஒருநாளும் கேட்டதில்லை. இந்தக் கடுதாசியிலயும் கேக்கலை. வாளைக் கேட்டிருக்க.

சந்தியாகப்பர் கையில தகர வாள் இருக்கு. தகரவேலை பார்க்குற பவுல் பிஸ்கட் டின்னை வெட்டி, வெள்ளி பெயிண்ட் அடிச்சுக் குடுத்தான். தூரத்துல இருந்து பார்த்தா தெரியாது. பக்கத்துல வாரவன் சாமி முகத்தைப் பார்ப்பான், கையைப் பார்க்க மாட்டான்.

பழைய வாளு ரெண்டு துண்டா பீடத்துக்குப் பின்னால சக்கிறிஸ்து அறைப் பெட்டியில கிடக்கு. உனக்குத் தெரியாது, நான் இப்போ கோயில்பிள்ளை. மணி அடிக்கிறது, திரி போடுறது, சாமிக்கு உடுப்பு மாத்துறது. கடல்ல முங்கி சங்கு எடுத்தவனுக்கு இந்த வேலை. ஒத்தக் கையில கயிறு பிடிச்சு எவனாலயும் முங்க முடியாதுல்லா. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அந்த ரெண்டு துண்டும் கண்ணுல படும்.

அப்பா செத்து வார மாசம் அஞ்சு வருஷம். பிளாரன்ஸ் கப்பல் கம்பெனி விலாசத்துக்கு எழுதின கார்டு உனக்குக் கிடைச்சுதுன்னு தெரியும்.

வாள் ஒண்ணும் வேண்டாம். வாங்கிட்டு வராத.

ரோச்

*

சேசு மரி சூசை

சக்காய், 16-3-1975

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் எழுத்தைப் பார்த்தேன். நீங்கள் அப்பாவோடு தோணியில் இருந்து கையெழுத்துப் போட்டு அனுப்பின பழைய சீட்டு ஒன்று, ஊரை விட்டு வந்த அன்று சட்டைப்பையில் இருந்தது, இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. அதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிறகு ரெண்டு நாள் வேலைக்கு இறங்கவில்லை.

கையைப் பற்றிக் கேட்காதது மறதியால் இல்லை. இரும்பைப் பற்றி எழுதினால் பேனா ஓடுகிறது, உங்கள் கையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நின்றுபோகிறது. இன்றைக்கும் இரும்பிலிருந்தே தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரெண்டாவது தடவை மியூசியத்துக்கு உள்ளேயே போய்விட்டேன். ஜப்பான்காரர் வாளுக்கு ஒரு பக்கம்தான் வாய், வெட்டுகிற கூர். மறுபக்கம் முதுகு, தடித்திருக்கும். அடித்து முடித்த வாளின் மேல் களிமண் பூசுகிறார்கள், வாய்ப்பக்கம் மெல்லிசாக, முதுகுப்பக்கம் கனமாக. பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால், மண் மெலிந்த வாய்ப்பக்கம் சட்டென்று குளிர்ந்து கண்ணாடி மாதிரி இறுகிவிடுகிறது. மண் கனத்த முதுகு மெதுவாக ஆறி இளக்கமாகவே நிற்கிறது. அந்த இழுப்பில்தான் வாளுக்கு வளைவே வருகிறதாம். வாயோரமாக அலை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறது. கரையில் அலை வாங்கிப்போனபின் மணலில் நிற்குமே, அப்படி.

நம்ம வாள் நேர். ரெண்டு பக்கமும் வாய், முதுகே கிடையாது. முழுக்க ஒரே பதம் என்பதால் வில்லாக வளைத்தாலும் திரும்ப நிமிரும். ஜப்பான் வாள் வளைந்தால் வளைந்ததுதான். பஸ்ராவில் ஒரு அரபிக்காரர் வீட்டில் பார்த்த வாள் வேறே ஜாதி. மேலெல்லாம் ஓடுகிற தண்ணீர் மாதிரி வரிகள், "இரும்பு உங்க இந்தியாவிலிருந்து வந்தது" என்றார். கொழும்பு மியூசியத்தில் சிங்கத்தலைப் பிடி வைத்தது ஒன்று, குட்டையாக, இடுப்பில் மாட்டி மரியாதைக்கு நிற்க. எது ஒசத்தி என்று ஹிரானோவிடம் கேட்டேன்.

"எவனோட சண்டை போடணும்னு நினைச்சுச் செஞ்சானோ, அதுக்குத் தக்கன இருக்கும். வெட்டுப்படுற கைக்கு என்ன? எந்த வாளும் வெட்டும்" என்றார். அவர் வீட்டிலும் பரம்பரை வாள் ஒன்று இருந்ததாம். யுத்தம் தோற்றதும் அமெரிக்கர்கள் வீடு வீடாக வாங்கிக்கொண்டு போனார்கள். "அம்மா அழுதாள். எனக்கு அன்றைக்குப் பசி. அழ நேரமில்லை" என்றார்.

இவர்கள் வாளின் முதுகில் இடது உள்ளங்கையை வைத்துத் தாங்கி, எதிரி வெட்டைத் தடுப்பார்களாம். ஹிரானோ ஒரு மரக்கட்டையை வைத்துச் செய்து காட்டினார்.

இனி நான் எழுத வேண்டியது.

அண்ணே, பத்து வருஷத்துக்கு முன் அந்தத் திருவிழாவில் நடந்தது எனக்கு முழுசாக நினைவில்லை. சப்பரத்தின் முன் தண்டை அப்பா பிடித்திருந்தார். கொஞ்சம் குடித்திருந்தார், அதுவும் தெரியும். முன் தண்டுக்கு நம்மோடு எப்போதும் மல்லுக்கு நிற்கிற விக்டர் வந்து, "குடிகாரப் பயலுக்கு முன் தண்டா?" என்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். அத்தனை பேர் முன்னாலும் அப்பா மணலில் விழுந்தார். வேட்டி அவிழ்ந்துபோயிற்று. சனம் சிரித்தது. நான் சப்பரத்தில் ஏறி, சாமி கையிலிருந்து வாளை உருவினேன். விக்டரைப் பார்த்து வீசினேன். அவன் குனிந்தான். அப்புறம் உங்கள் அலறல். ரத்தம். கையில் பாதி வாள். அதை அங்கேயே எறிந்தேன். ஓடிவிட்டேன். உப்பளம் வழியாக ஓடி, கொழும்புக்குப் போகிற தோணியில் ஏறின பிறகுதான், வெட்டினது என் அண்ணன் கையை என்று புத்தியில் பட்டது.

என்னை மன்னியுங்கள் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

வளன்

*

சந்தியாகபுரம், 20-4-1975

தம்பி வளனுக்கு,

உன் கடுதாசியை பிளாரன்ஸ் ரெண்டு தரம் வாசிச்சா. நான் ஒரு தரம்.

நீ இத்தனை விவரம் எழுதினதைப் பார்த்து எனக்கும் ஒரு கிறுக்கு. உடைஞ்ச துண்டு ரெண்டையும் சாக்குல சுத்தி துறைமுகத்துப் பட்டறைக்குக் கொண்டு போனேன். புது துறைமுகம் வந்த பிறகு அங்கன எல்லாம் மாறிப்போச்சு. கப்பல் கரையிலயே வந்து கட்டுது. தோணிக்காரனுக்குத்தான் வேலை குறைஞ்சுபோச்சு. பட்டறையில சங்கரலிங்கம்னு ஒரு கடைசல்காரர், இங்கன பக்கத்துப் புதுக்கோட்டையில இருந்து சைக்கிள்ல வாரவர். அண்ணாச்சி, இதைப் பாருங்கன்னு குடுத்தேன்.

நீளத் துண்டை வைஸில கடிச்சுவிட்டு, மெல்ல வளைச்சு விட்டார். டங்குன்னு நிமிர்ந்துது. அரத்தை வச்சு ரெண்டு இழுப்பு இழுத்துப் பார்த்தார். "நல்ல பதம்டே. ஆனா ஒரு இடத்துல பழைய கீறல் இருந்திருக்கு. என்னைக்கிருந்தாலும் உடையத்தான் செஞ்சிருக்கும்" என்னார். பிடிக்குப் பக்கத்துல எழுத்து வெட்டியிருக்குல்லா, போர்த்துக்கல் ராசா பேருன்னு அப்பா சொல்லுவாரே, அதைத் தொடைச்சுப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியும். "ஏலே, இது எழுத்தே இல்லை. பாதி எழுத்து தலைகீழா இருக்கு. எழுதப் படிக்கத் தெரியாத நம்ம ஊர்க் கொல்லன் எவனோ பரங்கி வாளைப் பார்த்து வரைஞ்சிருக்கான்" என்னார். சாமியாரிட்ட காட்டினேன். அவரும் ஒரு பாஷையிலயும் சேராதுன்னுட்டார்.

பரங்கிக் கப்பல் கப்பித்தான் குடுத்தது, ராசா குடுத்ததுன்னு எத்தனை தலைமுறை நெஞ்சை நிமித்திக்கிட்டு நடந்தோம். முன் தண்டு எங்களுக்குத்தான்னு அப்பா மல்லுக்கு நின்னதும் இந்த வாளை வச்சுத்தான். "எங்க முப்பாட்டன் கையில பரங்கி குடுத்த வாளு"ன்னு. எல்லாம் இங்கன எவனோ உலைக்களத்துல அடிச்சது. எனக்குச் சிரிப்பும் வரலை, அழுகையும் வரலை. சாக்கைச் சுத்தி எடுத்துட்டு பஸ் ஏறி வந்துட்டேன்.

ஒண்ணு மட்டும் யோசிச்சேன். உன் ஜப்பான்காரன் வாளுக்கு முதுகு இருக்குன்னியே. நம்ம வாளுக்கும் அப்படி ஒரு முதுகு இருந்திருந்தா என் விரலு பிழைச்சிருக்கும்.

மூத்தவளுக்கு வரன் பேசுதாங்க. விக்டருக்குப் போன வருஷம் சக்கரை வியாதியில ஒரு கால் விரலை எடுத்தாச்சு. இப்பமும் முன் தண்டு அவன்தான். நொண்டிக்கிட்டே தூக்குதான்.

ரோச்

*

சேசு மரி சூசை

சக்காய், 18-5-1975

அன்புள்ள அண்ணனுக்கு,

வாள் வாங்குகிற பேச்சு முடிந்தது. இங்கே ஒவ்வொரு வாளுக்கும் பதிவுச் சீட்டு உண்டு. நாட்டை விட்டுக் கொண்டுபோக அரசாங்கத்திடம் தனியாக உத்தரவு வாங்க வேண்டும். நம்ம பக்கத்தில் இறக்க ஆயுத லைசென்ஸ். கப்பல் கூலிக்காரனுக்கு ஆகிற காரியமில்லை. கூர் வைக்காத வேஷ வாள் கிடைக்கும், வாங்கிக்கொள் என்றார் ஹிரானோ. பிஸ்கட் டின்னுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? வேண்டாம் என்றுவிட்டேன்.

அவர் இன்னொரு சங்கதி சொன்னார். நானூறு வருஷத்துக்கு முந்தி பரங்கிக் கப்பல்காரர்கள் தெற்கே இருந்து இரும்பு கொண்டுவந்தார்களாம். இங்கத்திய கொல்லர்களில் சிலர் அதைக் கலந்து வாள் அடித்து, 'தெற்கத்திப் பரங்கி இரும்பு' என்று பிடிக்குள் வெட்டியும் வைத்திருக்கிறார்கள். ஒன்றை நானே பார்த்தேன். இந்தியா இரும்பாக இருக்கலாம் என்கிறார், யாருக்கும் நிச்சயமில்லை. வேறே நாளாக இருந்தால் இதை வைத்து நாலு பக்கம் எழுதியிருப்பேன்.

இன்றைக்கு மனசு அதில் இல்லை. உங்கள் கடுதாசியில் ஒரு வரியிலேயே நிற்கிறேன். வாளுக்கு முதுகு இருந்திருந்தால் என் விரல் பிழைத்திருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணே, வீச்சு வந்து விழுந்த கைக்கு வாளின் முதுகு என்ன உதவி செய்யும்? முதுகு பிடிக்கிறவனுக்குத்தானே உதவும்?

ஹிரானோவிடம் இதைக் கேட்டேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "வெட்டு கையின் உள்ளேயா, வெளியேயா?" எனக்குத் தெரியவில்லை. அந்தக் கையை நான் பார்த்ததே இல்லை. "மேலிருந்து வீசின வாள் தவறிப் பட்டால் புறங்கையில் விழும், இல்லையென்றால் விரலே போகும். நாலு விரலும் ஒரு சேர உள்பக்கம் அறுந்திருந்தால் அது வாளைப் பிடித்தவன் கை. யுத்தத்தில் பார்த்திருக்கிறேன்" என்றார்.

வெட்டு எந்தப் பக்கம், அண்ணே?

கப்பலை ஜூன் கடைசியில் இறக்குகிறார்கள். அடுத்த துறை சிங்கப்பூர். ஏஜெண்டு விலாசம் கீழே இருக்கிறது.

வளன்

*

சந்தியாகபுரம், 15-6-1975

வளனுக்கு,

உள்பக்கம்.

இந்த ஒரு வார்த்தையை எழுதிட்டு கடுதாசியை மடிச்சு வச்சு நாலு நாள் ஆச்சு. பிளாரன்ஸுக்கும் இது தெரியாது. இன்னைக்கு எழுதியாகணும்.

நீ என்னை வெட்டலை. விக்டர் குனிஞ்சது நிசம். ஆனா முதல் வீச்சுலதான் குனிஞ்சான். நீ திரும்பவும் ஓங்கின. அவன் மணல்ல முட்டி போட்டுக் கிடந்தான், கழுத்து உனக்கு நேரா. உன் கண்ணைப் பார்த்தேன். அது மனுசக் கண்ணா இல்லை. அடுத்த வீச்சு தப்பாதுன்னு தெரிஞ்சுபோச்சு. பக்கவாட்டுல பாய்ஞ்சு வாளை எட்டிப் பிடிச்சேன். நீ பறிக்க இழுத்த. கை அறுந்துது. விட்டுட்டேன். வாளு போய் சப்பரத்து இரும்புத் தண்டுல மோதி உடைஞ்சுது. அவ்வளவுதான். அந்த நெரிசல்ல யாரும் சரியாப் பார்க்கலை. நீயும் பார்க்கலை.

நீ ஓடுன. அதைத்தான் என்னால பொறுக்க முடியலை. நீ என் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னிருந்தாக்கூட மனசு ஆறிப்போயிருக்கும். ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டுக் கிடக்கேன். டாக்டர் நரம்பு அறுந்துபோச்சு, இனி மடங்காதுன்னுட்டார். என் கயிறைப் பிடிச்சவர் அப்பா. நான் கடலுக்குள்ள இருந்து ஒரு சுண்டு சுண்டினா மேல தூக்குவார். அந்தக் கயிறும் அன்னைக்கோட முடிஞ்சுது. அவர் வந்து கட்டில்ல உக்காந்து, "சின்னவன்தான் வெட்டினானா?"ன்னு கேட்டார்.

நான் ஆமான்னு சொல்லலை. தலையும் ஆட்டலை. ஆனா இல்லைன்னு சொல்லலை. முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டேன். அவருக்கு அது போதும்.

ஊர் அதையே பிடிச்சுக்கிட்டுது. சொந்த அண்ணனையே வெட்டுனவன்னு. ஒரு மாசத்துல சொல்லிருவோம்னு நினைச்சேன். ஒரு மாசம் ஒரு வருஷமாச்சு. பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லலைன்னு கேப்பாங்களேன்னு பயம். அப்புறம் பயமும் போயி, அலுப்பு. உன் முதல் கடுதாசி வந்தப்போ கையில வச்சுக்கிட்டே இருந்தேன். மன்னிப்புக் கேட்டுருப்பியோன்னுதான் பிரிக்கவே பயந்தேன்.

இன்னும் இருக்கு. அப்பா சாவுறதுக்கு ரெண்டு நாளைக்கு முந்தி, சுய நினைவோட இருந்தார். "வளன் வந்தா உள்ள விடாத. என் முகத்துல முழிக்கக்கூடாது" என்னார். பக்கத்துல நான்தான் இருந்தேன். வேறே ஆள் இல்லை. அப்போ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தண்ணி குடிக்கியாப்பான்னு கேட்டேன்.

நீ இழுத்தது நிசம், வளன். விக்டரைக் கொல்லப் பார்த்ததும் நிசம். ஆனா நான் உன்மேல போட்டது அது இல்லை.

ரோச்

*

சிங்கப்பூர், 9-7-1975

அண்ணனுக்கு,

கிடைத்தது.

உங்களுக்குத் தெரியாத ஒன்றை நானும் சொல்கிறேன். 1970 மார்ச்சில் எங்கள் கப்பல் தூத்துக்குடிக்கு வெளியே நங்கூரம் போட்டு மூன்று நாள் நின்றது. அப்போது பெரிய கப்பல் கரைக்கு வர முடியாதே, தோணிகள்தான் சரக்கு ஏற்ற வரும். தோணிக்காரர்களில் ஒருவன் நம்ம ஊர்க்காரன். என்னை அடையாளம் கண்டுகொண்டு, "ஏலே வளன், உங்கப்பன் படுத்த படுக்கையா கிடக்காருடே, இறங்கு, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றான். ஏணியில் பாதி இறங்கினேன். அண்ணன் கையை வெட்டினவன் எந்த முகத்தோடு அந்த வீட்டுக்குள் போவது என்று நினைத்துத் திரும்ப மேலே ஏறிவிட்டேன். முயல் தீவு வெளிச்சக்கூட்டின் விளக்கைப் பார்த்துக்கொண்டே கப்பல் தட்டில் நின்றேன். பதினோரு நாள் கழித்து அப்பா செத்தார். மைனி கார்டில் தேதி இருந்தது. எண்ணிப் பார்த்தேன்.

நான் இறங்கியிருந்தால் நீங்கள் சொல்லியிருப்பீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். அதையும் யோசித்துவிட்டேன்.

பத்து வருஷம் எந்தத் துறையில் இறங்கினாலும் நான் கத்தியைக் கையில் எடுத்ததில்லை. குசினிக்காரன் மீன் வெட்டச் சொன்னால்கூட எழுந்து போய்விடுவேன். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தார்கள், கொழும்பில். சொந்த அண்ணனை வெட்டினவன் என்று நானே சொல்லி வேண்டாமென்றேன்.

நீங்கள் பிடித்திருக்காவிட்டால் நான் கொலைகாரன். அதுவும் எனக்குத் தெரிகிறது. அதனால்தான் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை. களைப்பாக இருக்கிறது, அண்ணே. திருவிழாவுக்கு வரவில்லை. எனக்கு இனி எழுத வேண்டாம்.

வளன்

*

சந்தியாகபுரம், 3-8-1975

தம்பி வளனுக்கு,

எழுத வேண்டாம்னுட்ட. இந்த ஒரு தரம் எழுதுறேன். வாசிக்காட்டாலும் சரி.

முதல்ல பிளாரன்ஸ்கிட்ட சொன்னேன். அரிசி களைஞ்சுக்கிட்டிருந்தா. எல்லாத்தையும் கேட்டுட்டு, "பத்து வருஷமா அந்தப் பையன் பேரைச் சொல்லி நான் செபம் பண்ணும்போதெல்லாம் பக்கத்துல முட்டி போட்டிருந்தீயளே"ன்னா. ஒரு வாரம் என்கூடப் பேசலை.

திருவிழா அன்னைக்குக் காலைப் பூசை முடிஞ்சு, சப்பரம் தூக்குறதுக்கு முந்தி, சாமியாரிட்ட கேட்டுக்கிட்டு பீடத்துக் கிராதிக்கு முன்னால ஏறி நின்னேன். கோயில் நிறைய சனம். கோயில்பிள்ளை என்னமோ அறிவிக்கப் போறான்னு பார்த்துக்கிட்டு இருந்தாங்க. கையைத் தூக்கிக் காட்டுனேன். உள்ளங்கையை. பத்து வருஷமா இதை லேஞ்சித் துணியால சுத்தியே வச்சிருந்தேன், நோவுதுன்னு. நோவு ஒண்ணும் இல்லை. "என் தம்பி என்னை வெட்டலை, நான்தான் வாளைப் பிடிச்சேன்"ன்னு சொன்னேன். எங்கப்பா இதைத் தெரியாமலே செத்தார், அது என் குத்தம்னும் சொன்னேன். பின்னால நின்னவங்களுக்குக் கேட்டுதோ என்னமோ.

பிறகு விக்டர் ஆண்கள் பக்கத்துல இருந்து எந்திரிச்சான். நொண்டிக்கிட்டே வந்து என் கையைப் பிடிச்சுத் திருப்பிப் பார்த்தான். "அப்போ ரெண்டாவது வீச்சு எனக்கு வந்ததா?"ன்னான். ஆமான்னேன். "எனக்கு ஒரு வீச்சுதான் தெரியும்டே. நீங்க அண்ணன் தம்பி என்னமோ அடிச்சுக்கிட்டீங்கன்னுதான் நானும் சொல்லித் திரிஞ்சேன். எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே"ன்னான். அப்பாவைத் தள்ளினது தப்புன்னு அவன் வாயால சொன்னான். சத்தமாச் சொல்லலை. ஆனா சொன்னான்.

இந்த வருஷம் அவன் முன் தண்டு தூக்கலை. கால் முடியலைன்னான். என்னையும் தூக்கச் சொல்லலை, நானும் கேக்கலை. யாரோ வயசுப் பசங்க தூக்கினாங்க.

மறுநாள் கோயில் சாவியை சாமியாரிட்ட குடுத்துட்டேன். அவர் வேண்டாம்னுதான் சொன்னார். இத்தனை வருஷம் பொய்யோட அந்தப் பீடத்துல திரி போட்டிருக்கேன், இனி வேறே கை போடட்டும்னுட்டேன். இப்போ உப்பளத்துல காவலுக்குப் போறேன். வெயில்தான். பழகிரும். தெருவுல சில பேர் என்னைக் கண்டா பேச்சை நிறுத்துதாங்க. அப்பாவோட பழகின ஒரு பெரியவர் என் முகத்துக்கு நேராக் காறித் துப்பினார். துடைச்சுக்கிட்டேன். அது எனக்கு வேண்டியதுதான்.

உன்மேல இருந்ததை இறக்கியாச்சு. பத்து வருஷத்தைத் திருப்பித் தர என்கிட்ட ஒண்ணும் இல்லை. வான்னும் சொல்லலை, வராதேன்னும் சொல்லலை. நீ வந்தா கதவைத் திறக்கச் சொல்லி இந்த ஊர்ல யாரும் என்கிட்ட சொல்ல வேண்டியதில்லை.

ரோச்

*

சேசு மரி சூசை

கொழும்பு, 2-11-1975

அன்புள்ள அண்ணனுக்கு,

கடுதாசியை ரெண்டு மாசம் பிரிக்காமல் வைத்திருந்தேன். மதராஸ் துறையில் ஒருநாள் மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்தபோது பிரித்தேன்.

கப்பலை விட்டு இறங்கிவிட்டேன். இருபத்திரெண்டு நாள் லீவு. அதற்கப்புறம் திரும்பப் போவேனா என்று இப்போது சொல்ல முடியவில்லை. வியாழக்கிழமை தலைமன்னாரிலிருந்து கப்பல், ராமேஸ்வரத்திலிருந்து ரயில். வெள்ளி மத்தியானம் தூத்துக்குடி ஸ்டேஷனில் இருப்பேன். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. மைனிக்கும் பிள்ளைகளுக்கும் துணி மட்டும்.

இப்போதே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோபம் போகவில்லை. உங்களைப் பார்த்ததும் கட்டிப்பிடித்து அழுவேன் என்று மைனி நினைத்திருந்தால், அப்படி நடக்காது. ஒருவேளை ஸ்டேஷனில் ஒரு வார்த்தையும் பேசாமல் இருப்பேன். நீங்களும் பேச வேண்டாம். கையையும் அங்கே காட்ட வேண்டாம், நான் கேட்கும்போது பார்த்துக்கொள்கிறேன். விக்டர் வருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவனிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று இருக்கிறது, அதற்கு நானே அவன் வீட்டுக்குப் போவேன்.

வீட்டுக்கு முன்னால் என்னைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போங்கள். அப்பாவை எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இடத்தைக் காட்டிவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போய்விட வேண்டும். வாசலில் காத்துக்கொண்டு நிற்கக் கூடாது. நீங்கள் அவரிடம் சொல்லாததை நான் சொல்ல வேண்டும், அதை நீங்கள் கேட்கிற தூரத்தில் நின்று என்னால் சொல்ல முடியாது. எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியவில்லை.

மைனியிடம் எனக்கும் சேர்த்து உலை வைக்கச் சொல்லுங்கள். பிந்தினாலும் நான் வருவேன்.

தம்பி,
வளன்